பொரளையில் கோல்ஃப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக கொழும்பில் எங்களுக்கு வழக்கமான இடங்கள் நாலைந்துதான். காலிமுகத்திடல், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், ஒரு புடவைக்கடை, பிறகு இன்னொரு புடவைக்கடை. சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மைத்துனருக்கு மூன்றாம் நாளே இதெல்லாம் அலுத்துவிட்டது. அந்த வாரம் பொரளையில் ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டி நடந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் போனோம். எனக்குக் கோல்ஃப் விளையாடத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பார்க்கப் போயிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரேயடியாக இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

கொழும்பில் இது எங்கே நடக்கிறது?

பொரளை, மொடல் ஃபார்ம் வீதியில் இருக்கும் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தில். இந்தக் கழகம் 1879இல் தொடங்கியது. அப்போது காலிமுகத்திடலில்தான் விளையாடினார்கள். இன்றைக்கு நாம் இஸ்ஸோ வடை சாப்பிட்டுப் பட்டம் விடும் அதே இடத்தில் வெள்ளைக்காரர் பந்து அடித்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். ஊர் சனமும் குதிரையும் வண்டியும் போகிற திடலில் எத்தனை நாளைக்கு அடிக்க முடியும்? 1896இல் பொரளைக்கு மாறினார்கள். அப்போதைய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். 'றோயல்' பட்டம் 1928இல் வந்தது.

இந்த மைதானத்தின் தனி விசேஷம் ரயில். மருதானையிலிருந்து அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதை மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. ஒரு காலத்தில் அது சின்னத் தண்டவாளம், 1990களில் அகலப் பாதையாக மாற்றினார்கள். கோச்சி வந்தால் அதற்குத்தான் முதலிடம், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் மட்டையைத் தாழ்த்திவிட்டு நிற்க வேண்டியதுதான். ஓடுகிற பெட்டிகளிலிருந்து ஒஃபிஸ் போகிற சனம் எட்டிப் பார்க்கும், மைதானத்தில் நிற்கிறவர்கள் ரயிலைப் பார்ப்பார்கள். உலகத்தில் வேறெங்கும் போய்ப் பார்க்க முடியாத காட்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் மைத்துனர் அன்று எடுத்த படங்களில் பாதி கோச்சிப் படங்கள்தான்.

எந்த மாதத்தில் வர வேண்டும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. இங்கே வரும் தொழில்முறைப் போட்டிகளில் முக்கியமானவை பி.ஜி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தியத் தொடரைச் சேர்ந்தவை. அந்தத் தொடர் சில வருடங்களில் கொழும்புக்கு வரும், சில வருடங்களில் வராது. பயணச்சீட்டு எடுக்கும்போதே அந்த வருடத்து அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

கிழமையையும் கவனியுங்கள். உலகத்தில் பெரும்பாலான போட்டிகள் வியாழனில் தொடங்கி ஞாயிறில் முடியும். இந்தியத் தொடரில் செவ்வாய் தொடங்கி வெள்ளியோடு முடிவதும் உண்டு. "சனிக்கிழமை சாவகாசமாகப் போவோம்" என்று இருந்துவிட்டு, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

டிக்கெட் எவ்வளவு? உள்ளே விடுவார்களா?

நான் போனபோதெல்லாம் காசு கேட்கவில்லை. ஆனால் இது பொது மைதானம் இல்லை, உறுப்பினர்களின் கழகம். அதனால் முதல் நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, பார்வையாளராக வரலாமா, எந்த வாசலால் வர வேண்டும், வாகனம் எங்கே விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் காவலரிடம் "போட்டி பார்க்க வந்தோம்" என்று தெளிவாகச் சொன்னால் போதும். கழகக் கட்டடத்துக்குள் நேரே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், அது உறுப்பினர்களுக்கும் அவர்கள் கூட்டி வருகிறவர்களுக்கும் உரியது.

வெள்ளவத்தையிலிருந்து எப்படிப் போவது?

154 பஸ் எடுத்துப் பொரளையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. அல்லது வீட்டு வாசலிலிருந்தே பிக்மீ செயலியில் ஓட்டோ. ரயில் ஆசை உள்ளவர்கள் களனிவெளிப் பாதையில் கோட்டா ரோட் நிலையத்தில் இறங்கலாம். காலையில் பேஸ்லைன் வீதி நெரிசலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுக்கள் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே ஆடத் தொடங்கிவிடும்.

எனக்கு ஒரு விதியும் தெரியாது. புரியுமா?

கிரிக்கெட் புரிகிறவருக்கு இது அரை மணி நேர வேலை. 18 குழி. எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறார் என்பதுதான் கணக்கு, குறைய அடித்தவர் வெல்வார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் எண் உண்டு, அதைப் 'பார்' என்பார்கள். கிட்டத்துக் குழிக்கு 3, நடுத்தரத்துக்கு 4, தூரத்துக்கு 5. பொரளை மைதானத்தின் மொத்தப் பார் 71. நாலு நாள் ஆடினால் 284. ஒருவர் 270 அடியில் முடித்தால் அவர் 14 குறைவு, பலகையில் அதைச் சிவப்பில் எழுதுவது வழக்கம். சிவப்பு என்றால் பள்ளிக்கூட ரிப்போட்டில் சிவப்புக் கோடு விழுந்த நினைவு வரும். இங்கே தலைகீழ், சிவப்புத்தான் கெட்டிக்காரன்.

ஒரு குழியில் பாரை விட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. இந்த மூன்று சொல் போதும்.

இரண்டாம் நாள் முடிவில் பாதிக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குக் 'கட்' என்று பெயர். இந்தியத் தொடரில் வழக்கமாக முதல் 50 இடங்களும் அந்த இடத்தில் சமமாக நிற்பவர்களும் மிஞ்சுவார்கள். 'கட்' தாண்டாதவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. விமானச் செலவு, அறை வாடகை, கேடிக்கு (பையைச் சுமந்து கூட வருகிறவருக்கு) கொடுப்பது எல்லாம் கைக்காசு. அதனால் இரண்டாம் நாள் பின்னேரம், நடுத்தர இடத்தில் இருப்பவர்களின் கடைசி இரண்டு குழிகளைப் போய்ப் பாருங்கள். முதலிடத்துச் சண்டையை விட அங்கேதான் நெஞ்சு அடிக்கும். மூன்றடித் தூரத்தில் பந்து இருக்கும். உள்ளே போனால் இந்த மாதச் சம்பளம், போகாவிட்டால் வெறுங்கை. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரே இடத்தில் இருப்பதா, கூடவே நடப்பதா?

தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். தொலைக்காட்சி நல்ல அடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொடர்ந்து காட்டும். நேரில் 70, 80 ஏக்கருக்கு மேல் பரந்த மண்ணில் ஆட்டம் சிதறிக் கிடக்கும். ஒரு குழு போய் அடுத்த குழு வர பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறவர் கோல்ஃப் பார்க்கத் தெரியாதவர் என்று அர்த்தமில்லை, தவறான இடத்தில் நிற்கிறார் என்றுதான் அர்த்தம்.

நான் செய்வது இது. காலையில் முதலில் பயிற்சி இடத்துக்குப் போவேன். போட்டிக்கு முன் ஒவ்வொருவரும் அங்கே நின்று அரை மணி நேரம், ஒரு மணி நேரம் அடிப்பார்கள். பத்தடித் தூரத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். நல்ல தொழில்முறை ஆட்டக்காரரின் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் இருக்கும். உங்கள் கண் பந்தைத் தேடத் தொடங்கும்போது அது போய்விட்டது. தொலைக்காட்சியில் இது வரவே வராது.

அதன்பிறகு ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து ஆறு, ஏழு குழிகளுக்குக் கூடவே நடப்பேன். முதல் இரண்டு நாளும் மூன்று மூன்று பேராகப் போவார்கள். கூட நடந்தால்தான் ஒரு மனிதனின் நாள் தெரியும். இரண்டு போகி அடித்தவர் எப்படி நடக்கிறார், கேடி அப்போது என்ன கதைக்கிறார், எப்போது வாயை மூடிக்கொண்டு கூட வருகிறார் என்பதெல்லாம். பெரிய வெளிநாட்டுப் போட்டிகளில் கயிறு கட்டி, ஐந்து வரிசைக்குப் பின்னால் நிறுத்துவார்கள். இங்கே கூட்டம் குறைவு. மரியாதையான தூரத்தில் நடந்தால் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் கிட்டத்தில் போக முடியும். கொழும்பில் பார்ப்பதன் முழு லாபமும் இதுதான் என்பது என் கணக்கு.

வெயில் ஏறியதும் ஒரு பார்-3 குழியின் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அருகே நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அடிப்பதும் விழுவதும் உருளுவதும் ஒரே பார்வையில் அங்கேதான் கிடைக்கும். நாள் முழுக்க எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றும் பார்க்க மாட்டீர்கள். 18 குழியும் நடப்பதென்றால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர், நாலரை ஐந்து மணி நேரம். கொழும்பு வெயிலில் அது சின்ன வேலை இல்லை.

வாய் திறக்கவே கூடாதா?

ஒருவர் அடிக்கத் தயாராகி நிற்கும்போது மட்டும் வாயும் காலும் நிற்க வேண்டும். மொத்தம் இருபது, முப்பது விநாடி. அடித்து முடித்ததும் கை தட்டலாம், மெல்லக் கதைக்கலாம், நடக்கலாம். சத்தத்தை விட அசைவுதான் மோசம் என்று ஒரு கேடி எனக்குச் சொன்னார். அடிக்கிறவரின் பார்வைக்கோட்டில் யாராவது நகர்ந்தால் கவனம் சிதறும். கிரீனில் நிழலையும் பாருங்கள். பின்னேரம் உங்கள் நிழல் நீண்டு குழிக்கு மேல் விழும், அது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வைத்தேன். ஆனால் அலாரத்தை மறந்துவிட்டேன். நல்லூர்த் திருவிழாப் பாட்டு, ஒரு ஆட்டக்காரர் குனிந்து நிற்கும் நேரம் பார்த்து ஒலித்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அலாரத்தையும் நிறுத்துங்கள்.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் போட்டியின் 16ஆம் குழியில் மட்டும் சனம் கத்திக் கூச்சல் போடும், அது அந்த இடத்து வழக்கம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து விசில் அடிக்க வேண்டாம்.

பந்து என் மேல் பட்டால்?

"ஃபோர்!" என்று யாராவது கத்தினால் எங்கே வருகிறது என்று நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலையைக் கையால் மூடிக் குனியுங்கள், மரம் கிட்ட இருந்தால் அதன் பின்னால் போங்கள். பந்து 46 கிராமுக்கும் குறைவுதான், ஆனால் அந்த வேகத்தில் அது கல். முன்னால் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. அடிக்கும் இடத்துக்குப் பின்னாலோ பக்கவாட்டில் பின்தள்ளியோ நிற்பது உத்தமம், பந்து போகிற பாதையும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

விதி என்ன சொல்கிறது என்று மைத்துனர் கேட்டார், நானும் தேடிப் படித்தேன். சுவாரசியமான விஷயம். ஓடுகிற பந்து தற்செயலாகப் பார்வையாளர் மேல் பட்டுத் தெறித்தால், யாருக்கும் தண்டனை இல்லை, விழுந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். உங்கள் முதுகில் பட்டு நல்ல இடத்துக்குத் திரும்பினால் அது அவருடைய அதிர்ஷ்டம். நின்றுவிட்ட பந்தை நீங்கள் தட்டிவிட்டால் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைப்பார்கள். பந்து வந்து உங்கள் பைக்குள்ளேயோ மடியிலோ தங்கிவிட்டால் என்ன செய்வது? அங்கிருந்து ஆட முடியாது, நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே தரையில் விட்டு ஆடுவார். அதனால் பதறி எழுந்து ஓடாமல் அப்படியே இருங்கள்.

பற்றைக்குள் போன பந்தை நீங்களும் தேடிக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. தேட 3 நிமிடம்தான் உண்டு, 2019க்கு முன் 5 நிமிடம் இருந்தது. கண்டால் எடுக்காதீர்கள், கையை உயர்த்திக் காட்டினால் போதும். ஒரு தடவை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் போகி அடித்தார், ஆனாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

என்ன உடுத்துவது, என்ன கொண்டு போவது?

கொலர் வைத்த பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை அல்லது முழங்கால் அளவு காற்சட்டை. பெனியனும் பாட்டா செருப்பும் வேண்டாம். சேலை கட்டி வரலாம், தடை சொல்ல யாருமில்லை, ஆனால் ஈரப்புல்லில் ஓரம் நனையும். குதி உயர்ந்த செருப்பு புல்லில் புதையும். தொப்பி, பெரிய குடை, தண்ணீர்ப் போத்தல் இரண்டு. சப்பாத்து பழகியதாக இருக்கட்டும், லீவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தில் நடந்தால் ஐந்தாம் குழியில் கொப்புளம் வரும். தூரப்பார்வைக் கண்ணாடி இருந்தால் நல்லது.

மழை வந்தால்?

வெறும் மழைக்கு ஆட்டம் நிற்காது. நிற்பது மின்னலுக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேர இடிமழை சகஜம். நீளமாக ஒரு ஹோன் ஊதினால் ஆட்டக்காரர்கள் அந்த நொடியே விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். நீங்களும் கிளம்புங்கள். குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்குவதுதான் செய்யவே கூடாத வேலை. கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போங்கள்.

நம்மவர்கள் யாரும் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள். இலங்கைத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களைப் பலகையில் கண்டால் அந்தக் குழுவோடு நடங்கள். மிதுன் பெரேரா, அனுர ரோஹண ஆகியோரும் இந்தியத் தொடரில் பல வருடம் ஆடிப் பெயர் எடுத்தவர்கள். இந்த நாட்டில் தொழில்முறைக்கு வந்தவர்களில் பலர் கேடிகளாகத் தொடங்கியவர்கள். பிறருடைய பையைத் தோளில் சுமந்து, ஓய்வு நேரத்தில் அடித்துப் பழகியவர்கள். பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்குகிற சித்தப்பாமாருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இந்தியாவிலும் அப்படித்தான். 2009இல் இந்தியன் ஓப்பனை வென்ற பெங்களூர் சி. முனியப்பாவும் கேடியாக இருந்தவர்.

கேடிகளில் தமிழ் பேசுகிறவர்களையும் காண்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்துக்குக் கதை கொடுத்துப் பாருங்கள். எந்தக் குழியில் காற்று எப்படித் திரும்பும் என்று எந்த வர்ணனையாளரும் சொல்லாததைச் சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவில் மட்டும் கேட்காதீர்கள்.

கையெழுத்து வாங்கலாமா?

18ஆம் குழி முடிந்து, அடிக்கணக்கு எழுதிய அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு. அதற்கு முன் மறிக்காதீர்கள், அவர் மனதில் கணக்குக் கூட்டிக்கொண்டிருப்பார். ஒரு குழிக்கு உண்மையை விடக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். கூட்டி எழுதினால் அந்தக் கூடின எண்தான் நிற்கும். 1968இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆர்ஜென்டினாவின் ரொபர்தோ தெ விசென்சோ அப்படி ஓர் அடி கூடிய அட்டையில் கையெழுத்திட்டு, முதலிடத்துக்கான மறு ஆட்டத்தையே இழந்தார். அதுவும் அவருடைய பிறந்த நாளன்று.

லீவு நாளில் போட்டியே இல்லாவிட்டால்?

தேசிய அமெச்சூர் போட்டி, அதாவது தொழில்முறையாக ஆடாதவர்களின் போட்டி, இருக்கிறதா என்று பாருங்கள். 1891இலிருந்து வரும் போட்டி அது, பார்க்கிற சுகம் குறையாது. அல்லது நுவரெலியாவுக்குப் போகிற பயணத்தில் அங்குள்ள கழகத்தை எட்டிப் பாருங்கள், 1889இல் தொடங்கியது, ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதே அடி கொழும்பை விடத் தூரம் போகும். கண்டிக்கு அந்தப் பக்கம் திகனையில் விக்டோரியா மைதானம், தெற்கே அம்பாந்தோட்டையில் ஷங்ரிலா விடுதியோடு சேர்ந்த மைதானம். இவை போய்ப் பார்க்க அழகு, ஆனால் போட்டி இல்லாத நாளில் பார்வையாளருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

நாங்கள் இங்கிருந்து வெளிநாடு போகிறோம். அங்கே பார்க்கலாமா?

பிரித்தானியாவின் 'தி ஓப்பன்' ஜூலையில் வரும், டிக்கெட் குலுக்கலில்தான். பெரியவர் ஒருவரோடு போகும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அமெரிக்காவின் மாஸ்டர்ஸுக்கும் குலுக்கல்தான், அங்கே தொலைபேசியை உள்ளே கொண்டு போகவே முடியாது, ஓடவும் கூடாது. என் அலாரக் கதைக்கு அங்கே இடமில்லை.

வயதான அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நடக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான். மடக்குக் கதிரை கொண்டுபோகலாமா என்று முதலே கேட்டு, கடைசிக் குழியின் கிரீனுக்குக் கிட்ட நிழலில் இருத்திவிடுங்கள். எல்லா ஆட்டக்காரரும் கடைசியில் அவர் முன்னால் வந்துதான் போக வேண்டும். என் அம்மாவை அப்படித்தான் இருத்தினேன். இரண்டு மணி நேரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வடையைக் கூடத் தொடவில்லை. கடைசியில் ஒரு பெடியன் நாலடித் தூரத்திலிருந்து உருட்டியது குழியின் விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. அம்மா அந்தச் சத்தமில்லாத நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "அவ்வளவு தூரம் அடிச்சுக்கொண்டு வந்த பிள்ளை, இந்தக் கிட்டத்தில விட்டுட்டானே" என்றார். திரும்பிப் பார்த்த கேடி சிரித்துவிட்டார். பெடியன் சிரிக்கவில்லை.